இரண்டு டிகிரியும் ஒரு சட்டையும்

கூரையின் உச்சியில் ஒரு முழ அகலத்துக்கு ஓட்டையை விட்டு வீடு கட்டினால் ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? இருக்கவில்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் கொத்தனார் கரண்டி பிடிக்கிற ஒரே பெண் அவள்தான். அதுவரை மரியாதையாக மேஸ்திரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே வாரத்தில் ஓட்டை மேஸ்திரி என்று பேரை மாற்றிவிட்டார்கள். மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே நின்று குளித்துக்கொள்ளலாம், சோப்பு மட்டும் வாங்கி வைத்தால் போதும் என்று ஆரம்பித்து வைத்தவர் பால்காரர். அந்த ஓட்டைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, தொப்பி மாதிரி ஒரு குட்டிக் கூரை உட்கார்ந்திருப்பதும், மூன்று மாத மழையில் ஒரு சொட்டுக்கூட உள்ளே விழாததும் அவர் கண்ணில் படவேயில்லை. பட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, வைத்த பேர் வைத்ததுதான்.

அவள் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு. ஆற்று வெள்ளத்தில் வீடு போன முப்பத்தெட்டுக் குடும்பங்கள் இரண்டு வருஷமாகத் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தன. அந்த ஊர்ச் சூடு சுள்ளென்று சுட்டுவிட்டுப் போகிற சூடும் இல்லை. ஈரத்தோடு வந்து மேலே ஒட்டிக்கொள்கிற சூடு. குளித்துவிட்டுத் துண்டைக் கொடியில் போடுவதற்குள் மறுபடியும் குளித்த மாதிரி ஆகிவிடும்.

வீட்டு வசதி அலுவலகம் எல்லோருக்கும் வீடு கட்டித் தருவதாகச் சொல்லி, மாதிரிக்கு ஒன்றைக் கட்டியும் காட்டியது. நாலு கான்கிரீட் சுவர், தட்டையான கான்கிரீட் தளம், முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு கதவு. பார்க்கப் போன பெண்கள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, பெட்டி நன்றாக இருக்கிறது, சாமான் போட்டு வைக்கலாம் என்றார்கள். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து மேஸ்திரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். நாள் கணக்காகக் கெஞ்சிய பிறகு ஒரு வழி பிறந்தது. பெட்டிக்குப் பக்கத்திலேயே அவள் தன் இஷ்டப்படி ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து, ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அதிகாரி வந்து அளப்பார். வெளி நிழலில் இருக்கும் சூட்டைவிட உள்ளே இரண்டு டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். குறைந்தால் முப்பத்தெட்டும் அவள் சொல்கிற மாதிரி. குறையாவிட்டால் முப்பத்தெட்டும் பெட்டி. கட்டுவதற்கு அந்த ஊரில் வேறு மேஸ்திரி கிடையாது. தோற்றால் முப்பத்தெட்டுக் குடும்பத்தையும் தன் கையாலேயே பெட்டிக்குள் வைத்துப் பூச வேண்டியதுதான்.

இந்த ஓட்டை யோசனை அவளுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, சாப்பாட்டு நேரத்திலிருந்து வந்தது. பதினைந்து வருஷ வேலையில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். மத்தியானம் வேலையாட்கள் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவார்கள்? கட்டி முடியாத வீட்டுக்குள்ளேதான் போவார்கள். ஜன்னல் வர வேண்டிய இடமெல்லாம் திறந்து கிடக்கும், கூரை பாதிதான் இருக்கும், காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். ஆளுக்கொரு மூலையில் சுருண்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். அதே வீட்டுக்குத் தளம் போட்டு, ஜன்னல் மாட்டி, பூசி, வெள்ளையடித்து முடித்துச் சாவியை நீட்டப் போனால், வீட்டுக்காரர் வாசலில் நாற்காலியைப் போட்டு விசிறிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் நல்ல வீட்டைக் கெடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறோமே என்று அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

அதனால் கட்டி முடியாத வீட்டையே கட்டி முடிப்பது என்று இறங்கினாள். இடுப்புயரத் தூண்கள் மேல் மூங்கில் தரை, அடியிலும் காற்று போகட்டும் என்று. கனமான சுவர் பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் கக்கும், ஆகவே மூங்கில் தட்டி அடித்து மெல்லிய மண் பூச்சு. ஓர் அறை அகலம்தான், ஆனால் நீளம். ஆற்றைப் பார்த்த பக்கம் முழங்கால் உயரத்தில் வரிசையாக ஜன்னல், எதிர்ப்பக்கம் அதைவிடப் பெரிய ஜன்னல். சுவரில் வெயில் படாதபடி நாலு பக்கமும் இறங்கி நிற்கிற தாழ்வாரம். சுண்ணாம்பு அடித்த ஓட்டுக் கூரை, உச்சியில் அந்தப் பேர்போன ஓட்டை. ஜன்னலுக்கு ஜன்னல் பழைய சேலையைக் கிழித்து நாடா கட்டித் தொங்கவிட்டாள். நாடா ஆடினால் காற்று வருகிறது, ஆடாவிட்டால் சுவரை உடை. மூன்று இடத்தில் உடைக்கவும் செய்தாள்.

தான் கட்டிய வீட்டில் குடியிருந்து பார்க்க ஒரு குடும்பம் வேண்டுமே என்று தன் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் புருஷன் எலக்ட்ரீஷியன். வந்த மறுவாரமே மாட்டியிருந்த ஃபேனைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு, "பொண்டாட்டியே என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகப் புலம்பினான். வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் உள்ளே ஏதாவது மிஷின் ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்கள். மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு என்ன, நாலு டிகிரி குறையும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். தூக்குக்குண்டு, மட்டப்பலகை, டேப்பு எல்லாம் வைத்து ஒவ்வொரு தூணையும் மூன்று தடவை அளந்தவள், ஒரு தெர்மாமீட்டரைக் கடன் வாங்கி ஒரு தடவை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. இவ்வளவு குளுகுளுவென்று இருப்பதை எதற்கு அளப்பது?

அளக்கிற நாள் வந்தது. ஒன்பது மணிக்கே ஊர் கூடிவிட்டது. கொட்டகைகளில் ஒரு குழந்தைகூட மிச்சமில்லை. பால்காரரும் கொட்டகைவாசிதான், பாதிப் பாலை ஊற்றாமலேயே சைக்கிளோடு வந்து நின்றார். அவளுடைய நாத்தனார், சலவைக்கடை வைத்திருப்பவள், கடையைப் பூட்டிவிட்டு முதல் வரிசையில் இடம் பிடித்தாள். புருஷனுக்கு மூத்தவளாயிற்றே, அதிகாரிக்குக் கொடுக்கிற மரியாதையை இந்தம்மாளுக்கும் கொடுக்க வேண்டும். அதிகாரி ஜீப்பைவிட்டு இறங்கியதுமே நாத்தனாரின் கண் அவர் சட்டைக்குப் போனது. வெள்ளை முழுக்கை, அசல் பருத்தி, கஞ்சி கொஞ்சம் தூக்கல் என்று தம்பி பெண்டாட்டியின் காதில் சொன்னாள். மேஸ்திரி காதில் எதுவும் ஏறவில்லை. நெஞ்சு திடும் திடும் என்று அடித்துக்கொண்டிருந்தது, பயத்தில் அல்ல, ஜெயிக்கப் போகிற சந்தோஷத்தில்.

அதிகாரி கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்து மர நிழலில் வைத்தார். பத்து நிமிஷம் கழித்து வாசித்தார். முப்பத்து மூன்று புள்ளி நாலு.

அடுத்தது பெட்டி. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் உள்ளே இருந்தார். வெளியே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டி, உள்ளே போட்டிருந்த பனியனின் கோடு தெரிந்தது. கைக்குட்டையைப் பிழிந்துவிட்டு வாசித்தார். முப்பத்து ஒன்று புள்ளி இரண்டு. வெளியைவிட இரண்டு டிகிரிக்கு மேல் குறைவு. வெயில் இன்னும் தளத்துக்குள் இறங்கி முடியவில்லை, காலைச் சூடும் மூடிய கதவைத் தாண்டி நுழையவில்லை, அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம் வந்து பார்த்திருந்தால் கதை வேறு. ஆனால் காகிதத்தில் எழுதியிருந்தது பதினோரு மணி.

மேஸ்திரி அதற்கும் அசரவில்லை. அது இரண்டென்றால் நம்முடையது நாலு என்று நினைத்துக்கொண்டு அவருக்கு வழிவிட்டாள். அவர் நடு அறையில் முக்காலி மேல் கருவியை வைத்தார். நாடாக்கள் எல்லாம் படபடவென்று ஆடின. பத்து நிமிஷம் ஆயிற்று.

"முப்பத்திரெண்டு புள்ளி ஒம்பது" என்றார்.

அரை டிகிரி. அவள் அவர் தப்பாக வாசித்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். எட்டிப் பார்த்தாள். எண் அப்படியே இருந்தது. காற்று வெளியிலிருந்து வந்து வெளியிலேயே போகிற வீட்டில் சூடு மட்டும் எப்படி வேறாக இருக்கும்? அந்த நொடியில் அவளுக்கே அது விளங்கிவிட்டது, விளங்கி என்ன பிரயோஜனம்? ஊர் முகத்தில் ஈயாடவில்லை. நாலு டிகிரி என்று மார்தட்டிய நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கொட்டகையில் பிறந்த கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூட மேஸ்திரி தாங்கியிருப்பாள்.

அதிகாரி கெட்ட மனுஷர் இல்லை. எனக்கும் இந்த வீடு பிடித்திருக்கிறது, ஆனால் விதி விதிதான் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். ஏழு பக்கப் படிவம், அதில் மூன்று பிரதி. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். யாரும் நகரவில்லை. அவருக்குப் பின்னால் நின்றிருந்த நாத்தனார் மட்டும் அவருடைய முதுகையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் எந்திரிங்க" என்றாள்.

அவர் எழுந்தார். அவள் கொஞ்சமும் கூச்சமில்லாமல், கடைக்கு வந்த துணியைப் பார்க்கிற மாதிரி, அவர் முதுகுச் சட்டையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். தம்பிக்காரன் "அக்கா" என்று பல்லைக் கடித்தான்.

"நீ சும்மா இரு. சார், அந்த வீட்டுல இருந்து வெளிய வந்தப்ப இந்தச் சட்டையப் பிழிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி வந்திருக்கும். இப்பத் தொட்டுப் பாருங்க. இஸ்திரி போடுற பதம். என் தொழில் இது, நான் தப்பா சொல்ல மாட்டேன்."

வெளியே நடந்து வந்தேனே, வெயிலில் காய்ந்திருக்கும் என்று அவர் சமாளித்தார். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது பத்தடி, அதற்குள் துணி காய்கிறதென்றால் நான் ஏன் கடையில் நாள் முழுக்கக் கொடி கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று நாத்தனார் திருப்பிக் கேட்டாள்.

மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. தன் வீட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தவர்கள் ஒருவர்கூட டிகிரியைப் பார்க்கவில்லை, வேர்வை ஆறியதைத்தான் பார்த்தார்கள். அவள் முக்காலி மேலிருந்த கருவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க மிஷினுக்கு வேர்க்காது சார். எங்களுக்கு வேர்க்கும்."

அவர் கருவியைப் பார்த்தார், அப்புறம் தன் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். படித்த காலத்தில் இதைப் பற்றி ஒரு பாடமே எழுதித் தேறியவர்தான், அது இத்தனை வருஷத்தில் எங்கேயோ போய்விட்டிருந்தது. பேனாவை மூடினார். இறங்கி, நேராகப் பெட்டிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊருக்கு உயிர் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் கைக்கடிகாரத்தை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிமிஷத்தை உரக்கச் சொன்னான். எட்டாவது நிமிஷம் கதவு திறந்தது. சட்டை மறுபடியும் தொப்பலாக நனைந்திருந்தது, மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. பால்காரர் அறியாமல் கைதட்டிவிட்டார். அதிகாரி விறுவிறுவென்று வந்து ஓட்டைக்கு நேர் கீழே, இரண்டு கையையும் கொடி மாதிரி விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் நாத்தனார், நடுவர்.

ஒரு நிமிஷம், ஈரம். இரண்டு, ஈரம். நாலு நிமிஷம் ஆகியும் ஈரம்தான். நாத்தனார் முகம் சுருங்கியது. அதிகாரியின் நெற்றியில் புதிதாக முத்து முத்தாக வேர்வை கிளம்பியது. இத்தனை நாள் ஏமாந்துவிட்டேனா? மேஸ்திரியின் பார்வை நாடாக்களுக்குப் போனது. ஒன்றுகூட அசையவில்லை. அதற்கு அப்பால் பார்த்தாள். ஆற்றுப் பக்கத்து ஜன்னல் அத்தனையிலும் தலை தலையாக முகம். வேடிக்கை பார்க்கிற ஆசையில் முப்பத்தெட்டுக் குடும்பமும் சுவரோடு சுவராக அப்பிக்கொண்டு, தங்கள் காற்றைத் தாங்களே மறித்துக்கொண்டு நின்றது.

"எல்லாரும் ஜன்னலை விட்டுத் தள்ளுங்க. வீடு வேணும்னா தள்ளுங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் பால்காரரின் சைக்கிளே சாய்ந்தது. கூட்டம் அலறியடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் விலகியது. முதலில் கடைசி ஜன்னல் நாடா தலையைத் தூக்கியது. அப்புறம் அதற்கு அடுத்தது. பிறகு எல்லாம் சேர்ந்து ஆடின. உச்சி ஓட்டையின் விளிம்பில் அவள் கட்டி மறந்திருந்த ஒரு துண்டு நாடா மேலே பார்த்து நின்று துடித்தது. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு, ஆ என்று ஒரு மூச்சு விட்டார். அந்த ஒரு சத்தத்துக்காகவே ஆறு மாதமும் மண் மிதித்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"கழுத்து காஞ்சிருச்சு" என்று நாத்தனார் வெளியே பார்த்து அறிவித்தாள். வெளியிலிருந்து அந்தச் செய்தி வாய் வாயாகக் கொட்டகை வரைக்கும் போனது. கை காய்ந்தது. நெஞ்சு காய்ந்தது. முதுகின் நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் பிடிவாதமாக இருந்தது. எலக்ட்ரீஷியன் பதினொன்றாவது நிமிஷம் என்று சொல்லி வாயை மூடவில்லை, நாத்தனார் சட்டையைவிட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

"போதும் சார், இனிமே தண்ணி தெளிச்சுத்தான் இஸ்திரி போடணும்."

ஊர் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அதிகாரி கருவியை எடுத்துப் பார்த்தார். எண் குறையவில்லை, இன்னும் ஒரு புள்ளி ஏறித்தான் இருந்தது. அவர் அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டு டிகிரிங்கற விதிய எழுதுனதே நான்தான்" என்றார்.

எலக்ட்ரீஷியன் மெதுவாகக் கேட்டான். "எங்க உக்காந்து சார் எழுதுனீங்க?"

"ஏசி ரூம்ல."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே முதலில் சிரித்த பிறகு கூரை அதிர்ந்தது. எழுதிய கைக்கு அடிக்கவும் அதிகாரம் உண்டு என்று சொல்லி, அந்த வரியைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில், உள்ளே நிற்பவரின் ஈரச் சட்டை காய வேண்டும் என்று எழுதி, எத்தனை நிமிஷத்துக்குள் என்பதை இனிமேல் எல்லா மாதிரி வீட்டிலும் பார்த்து முடிவு செய்வதாகவும் சேர்த்தார். மேஸ்திரிக்குக் கண் நிறைந்துவிட்டது. வேர்வை என்று சொல்லி மறைக்கவும் முடியாது, அந்த வீட்டில்தான் வேர்ப்பதில்லையே.

கடைசிப் பக்கத்தில் வீட்டு வகையின் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. என்ன எழுதட்டும் என்று அவளைக் கேட்டார். அவள் இதற்கென்றே ஒரு கௌரவமான பெயரைப் பல நாளாக யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து முப்பத்தெட்டுக் குடும்பமும் ஒரே குரலில் பெயரைச் சொல்லிவிட்டது. அதிகாரி அதையே எழுதி வாசித்தார். "ஓட்டை வீடு. எண்ணிக்கை முப்பத்தெட்டு."

ஜீப் புழுதி அடங்குவதற்கு முன்னாலேயே அவள் நூல்கண்டையும் முளைக்குச்சிகளையும் எடுத்துக்கொண்டு காலி மனைப் பக்கம் நடந்தாள். முதல் வீடு கைக்குழந்தைக்காரிக்கு என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது மனையில் ஒரு சைக்கிள் நின்றது. பால்காரர் தலையைச் சொறிந்துகொண்டே பக்கத்தில் வந்தார்.

"மேஸ்திரியம்மா, எனக்கு மட்டும் ஓட்டைய ரெண்டு முழமா வச்சுக் குடுத்துருங்களேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சோப்பு வாங்கியாச்சா என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் மேஸ்திரியம்மா என்றல்லவா கூப்பிட்டிருந்தார்.

"ஒரு முழந்தாண்ணே" என்று சொல்லிவிட்டு, குனிந்து முதல் முளையை அடித்தாள்.